லைலின் முதுகுப்பையில் என் பேட்ஜ்

“இன்னொரு துண்டு ஆப்பிள் பை எடுத்துக்கோ, ரோண்டா. உங்கப்பாவுக்கும் கொஞ்சம் கட்டித் தரேன்.”

“அப்பாவால முழுங்கவே முடியலை, வெர்ன் அங்கிள். சிகிச்சைக்குப் போட்ட மனு மூணாவது தடவையும் திரும்பி வந்துடுச்சு. பேட்ஜ்ல பூஜ்யம்னு பதிவாகியிருக்காம். நீங்கதானே அப்போ பேட்ஜைப் பாத்துக்கிட்டீங்க?”

நான்தான். மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

1957, நெவாடா பாலைவனம். சோதனைக்கு வைத்த அணுகுண்டு வெடித்து அடங்கியதும் எங்கள் படை ஆட்கள் அந்தப் புழுதிக்குள் நடக்க வேண்டும். திரும்பியதும் ஒருவர் முதுகை ஒருவர் துடைப்பத்தால் தட்டிக்கொள்வார்கள். ஆளுக்கொரு பேட்ஜ் உண்டு; கதிர்வீச்சு பட்டால் உள்ளிருக்கும் பிலிம் கறுக்கும். பையன்கள் அதைத் தொலைத்துக்கொண்டே இருந்தார்கள். சார்ஜென்ட் என் தோலை உரித்தார். ஆகவே அவர்களுடைய இருபத்திரண்டு பேட்ஜையும் ஈயப்பெட்டியிலேயே வைத்துப் பூட்டினேன். அதன்பின் ஒன்றுகூடத் தொலையவில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது.

ரோண்டாவின் அப்பா லைல் மட்டும் ஒருநாள், “என்னோடது எங்கடா?” என்றான்.

“உன் மூஞ்சிக்கு நகை வேற வேணுமா? நடடா,” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல மனிதன்.

என் பேட்ஜ் கதை வேறு. அளவுக்கு மீறிக் கறுத்தால் அந்த ஆளை லாஸ் வேகாஸுக்கு ஓய்வெடுக்க அனுப்பிவிடுவார்கள். எனக்கோ கூடாரத்தில் முட்டை பொரிக்கிற வேலையும் இருந்தது; அங்கே பேட்ஜ் கறுக்காது. அதனால் என் பேட்ஜை லைலின் முதுகுப்பைக்கு அடியில் குத்திவிட்டேன். வேகமாக நடக்கிறவன், எப்போதும் முன்வரிசையில் போவான். நான்காம் நாளே எனக்கு வேகாஸ் கிடைத்தது.

பத்து ஆண்டுகளுக்கு முன் அரசு அந்தப் பதிவுகளைப் பார்த்து எங்களுக்கு மருத்துவம் கொடுக்கத் தொடங்கியது. ராணுவ மருத்துவமனையில் எனக்கு ராஜமரியாதை. இவ்வளவு கதிர்வீச்சை வாங்கியும் கல்லுக்குண்டாக இருக்கிறாரே என்று டாக்டர்கள் மாணவர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். லைலுக்குச் செய்கிற மரியாதையாக நினைத்து, ஒரு பரிசோதனையைக்கூட நான் தவறவிட்டதில்லை.

ரோண்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு வெள்ளைக் காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

“இதையெல்லாம் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

உடனே எழுதினேன். கேட்டவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை; இத்தனை ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

“இந்தா, எல்லாம் உண்மை. செவ்வாய்க்கிழமை எனக்கு இருதயப் பரிசோதனை இருக்கு. மூணு மாசம் காத்திருந்து கிடைச்ச தேதி. இதைப் புதன்கிழமை தபால்ல போடறியா, கண்ணு?”