கண்டக்டரின் விசில்

சாயங்காலம் பாரிமுனையிலிருந்து திருவொற்றியூர் போகும் பஸ்ஸில் கூட்டமில்லை. கண்டக்டருக்கு முன் சீட்டில், காலி மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் பின்னால்.

"உன் விசிலால ரெண்டு தபா பஸ்ஸ வுட்டுட்டேன், நைனா. முன்னல்லாம் முந்தின ஸ்டாப்புல நீ ஊதினா என் வூட்டுக்குள்ள கேக்கும். கூடைய தூக்கிகினு கெளம்புவேன். இப்போ கேக்கவே இல்ல."

"அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்க்கா. ஒரு குழாய்ல ஊதச் சொன்னாங்க. மூச்சு ரொம்ப கம்மியாம். அங்கேர்ந்து ஹார்ட் டாக்டராண்ட அனுப்பிட்டாங்க."

"மூச்சுக்குப் போனவன அங்க இன்னாத்துக்கு அனுப்புறாங்க?"

"நானும் அதான் கேட்டேன். நுரையீரல் உள்ளுக்குள்ள புண்ணாட்டம் வீங்கிகினு கீதாம். அந்தக் கெடுதி அங்கியே நிக்காதாம். ரத்தத்துல போயி ஹார்ட்டோட ரத்தக் குழாயையும் கெடுக்குமாம்."

அந்த அம்மா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துட்டு இன்னா சொன்னாங்க?"

"அடைப்பு லேசா ஆரம்பிச்சு கீதாம். நல்லவேள, நீ சீக்கிரமா வந்தேன்னாரு டாக்டரு. மாத்திர குடுத்தாங்க, தெனம் நடக்கச் சொன்னாங்க, பீடிய வுடச் சொன்னாங்க."

"வுட்டியா?"

"பதினெட்டு நாளாச்சு."

தண்டையார்பேட்டையில் அந்த அம்மா இறங்கினார். போகாமல் படிக்குக் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஊது."

கண்டக்டர் இரண்டு தரம் ஊதினார். பஸ் நகர்ந்தது.

"பத்தாது நைனா. நாளைக்கு காலையில உன் விசில் கேக்குற வரைக்கும் நான் வூட்டுக்குள்ளியேதான் குந்திகினு இருப்பேன்."