மனுஷன் நடக்க முடியாத நடை

— அப்புறம் நம்ம படத்தப் பத்தி அந்த நிபுணன் வீடியோவுல என்ன சொன்னான்? திரும்பப் போடு குட்டி.

— நாலு தடவ கேட்டுட்டக்கா!

— இன்னொரு தடவ கேட்டா காது என்ன தேஞ்சா போயிடும்? போடுடி.

— நானே சொல்றேன். “மூடிக் கெடக்கிற தியேட்டர்ல கண்டெடுத்த கேமரா, அதுல பேய்னு எல்லாரையும் நம்ப வெச்சாங்க. கட்டுக்கதைன்னு இப்ப அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஆனா அந்தப் பேய் படிக்கட்டுல எறங்குதே, அப்படி ஒரு நடைய மனுஷன் நடக்கவே முடியாது. சுத்தமான கம்ப்யூட்டர் வேலை.” போதுமா?

— நடக்கவே முடியாதாமே! அவன் வாய்க்குச் சக்கரைதான் போடணும்.

— சிரிக்காதக்கா. பட விழாக்காரங்க பரிசே அறிவிச்சுட்டாங்க. சிறந்த கம்ப்யூட்டர் காட்சின்னு. எனக்கு.

— உனக்கா? பேய்ப்படம் எடுக்கலாம்னு சொன்னது யாரு? பழைய மொதலாளிகிட்டப் பேசி தியேட்டர் சாவிய வாங்கினது யாரு? அவ்ளோ தூசியில ஒரு தும்மல் போடாம எறங்கி வந்தது யாரு?

— நீதான். எல்லாமே நீதான்.

— பின்ன படத்துல எம் பேரு எங்கடி?

— வேணும்னுதான் போடலக்கா.

— ஏன்?

— அது நீதான்னு தெரிஞ்சா கடைத்தெருவுல கண்ட பயலும் “பேய் வருது”ன்னு கத்துவான். உனக்கு வலிக்குமேன்னு...

— வீட்டுக்கு யாரு வந்தாலும் “எந்திரிக்காத, உக்காந்தே பேசு”ன்னு அம்மா சொல்லுவாங்களே, அதுவும் எனக்கு வலிக்கக்கூடாதுன்னுதான். அந்தத் தியேட்டர் ஓடினப்போ டிக்கெட் கவுண்டர்ல எத்தன வருஷம் உக்காந்திருந்தேன்! ஓட்டை வழியா ஜனங்க பாத்தது எங் கைய மட்டும்தான். இப்பதான்டி கண்ணக் கொட்டாம என்னைய முழுசாப் பாத்திருக்காங்க. அத நீ மூடி வெப்பியா?

— போன் அடிக்குது. விழாக்காரர்தான். இரு, நான் பேசிக்கறேன்.

— குடு இங்க. ஹலோ, சொல்லுங்க.

— வணக்கம் மேடம். பரிசு வாங்க வரும்போது மேடையில ஒரே ஒரு கேள்வி கேப்போம். அந்த நடைய எப்படிக் கொண்டு வந்தீங்க? என்ன சாஃப்ட்வேர்?

— சாஃப்ட்வேர் இல்லீங்க. மூணு வயசுல எனக்கு வந்த காய்ச்சல்.

— புரியலையே மேடம்...

— நேர்ல பாத்தாப் புரியும். நான் மேடையேறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் ஒரு லைட்டையும் அணைக்காதீங்க.