ஒன்பது மணி ரொட்டி

காப்பி நன்றாக இருக்கிறது, ரெகுலா மேடம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷமாகக் குடித்த கழுநீருக்கு இது எவ்வளவோ தேவலை.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். துகள் முடுக்கியில், கற்றையின் ஓரத்தைச் சீவிவிடும் செப்புக் கட்டையை வடிவமைத்தது நான்தான். சிதறும் துகள் எந்தப் பக்கம் போனால் எவ்வளவு கெடுதி என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுப்பேன். கணினி லட்சம் வடிவங்களைப் போட்டுப் பார்த்து, மொத்தக் கெடுதி குறைந்ததைப் பொறுக்கும். சொன்னதைச் செய்யும், பல்லைக் காட்டாது. மனுஷர்களைவிட அது எவ்வளவோ மேல்.

வடக்குச் சுவருக்குப் பின்னால் இருக்கும் இடைவழிக்கு நான் கொடுத்த எண் பூஜ்யம். வரைபடத்தில் அங்கே ஆளில்லை. அதனால் சிதறலையெல்லாம் கணினி அந்தப் பக்கமே தள்ளிவிட்டது. ஆனால் பட்டறை மெக்கானிக் உவேலி தினமும் ஒன்பது மணிக்கு அங்கேதான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்பார். வெந்நீர்க் குழாய் போவதால் கதகதப்பாக இருக்குமாம். கதிர்வீச்சை அளக்கும் வில்லையை வேலைக் கோட்டோடு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். சாப்பாட்டு நேரம் வேலை நேரமில்லையாம். அப்பேர்ப்பட்ட புத்திசாலி.

அவரோடு எனக்குப் பகை ஒன்றுமில்லை. நாலு வருஷம் முன்பு, நான் வடிவமைத்த காந்தத்தைப் பூட்ட வந்தவர், எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துத் திரும்பினார். "என்ன டாக்டரே, கணக்கெல்லாம் பிரமாதம்! ஸ்பானர் நுழைய ஒரு விரக்கடை விட்டிருக்கக் கூடாதா? நட்டைப் பல்லாலயா முறுக்குறது?"

சிரித்தார்கள். வாசல் காவலாளிகூடச் சிரித்தான். மறுநாள் உவேலியே என்னை அந்த இடைவழிக்குக் கூட்டிப்போய், ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். "மனசுல வெச்சுக்காதீங்க டாக்டரே. தப்பு யாருக்குத்தான் வராது?"

தின்றேன். காய்ந்த ரொட்டி.

ரத்தத்தில் நோய் வந்து, போன மாதம் செத்துப்போனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்வாரு" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

நீங்கள் இரக்கமுள்ளவர், மேடம். 'வடிவமைப்பாளர் அறியாமல் செய்த பிழை' என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் வழக்கில்லை, நேரே வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். இந்த அறிக்கையைப் பட்டறைச் சுவரிலும் ஒட்டுவார்கள், இல்லையா? ஸ்பானர் கதையோடு சேர்த்துப் பேசுவார்கள்.

பேனாவைக் கொடுங்கள். 'அறியாமல்' என்பதையும் 'பிழை' என்பதையும் அடித்துவிடுகிறேன். எல்லா இடைவழிக்கும் போடுவதுபோல அதற்கும் முதலில் நூறுதான் போட்டிருந்தேன். அந்தப் பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு வந்துதான் பூஜ்யமாக மாற்றினேன்.

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.