வாயப் பொத்துன பேண்டு மாஸ்டர்

ஏ, வெத்தல போடுறவுக இப்பமே துப்பிட்டு வந்துருங்க. நடுவுல எந்திரிச்சா கதையத் திருடிட்டுப் போறிகன்னு நெனைப்பேன்.

நம்ம பூட்டனுக்குப் பூட்டன் கோவணம் கட்டுன காலத்துல, செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரமா உடைவிளைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இப்பயும் இருக்கு, பஸ்ஸுதான் நிக்காது. அங்க வியாகப்பன்னு ஒருத்தரு. காலைல பனையேறுவாரு, சாயங்காலம் பேண்டு ஊதுவாரு. மாதா கோயில் பேண்டுக்கு அவருதான் மாஸ்டர். எழுதப் படிக்கத் தெரியாது, பாட்டு பூராவும் மண்டைக்குள்ளதான். மண்டையும் பெருசாத்தான் இருக்குமாம்.

பக்கத்து ஊரு கொம்புத்தேரி. அவனுகளுக்கும் ஒரு பேண்டு. ரெண்டு ஊருக்கும் கோயிலு ஒண்ணுதான். பத்தாந் திருநாள்ல எவன் புதுப்பாட்டு வாசிக்கானோ, அவன் மாதா சப்பரத்துக்கு முன்னால போவான். மத்தவன் பின்னால புழுதியத் தின்னுக்கிட்டு வருவான். மொதல்ல வாசிக்கிற மொறை எப்பவும் கொம்புத்தேரிக்கு.

வியாகப்பன் வருசா வருசம் பாட்டுக் கட்டுவாரு. ரெண்டு வருசமா என்ன ஆச்சு? அவரு கட்டுன பாட்டு, அச்சு அசலா, கொம்புத்தேரிக்காரன் கொழல்ல மொதல்ல வருது! ரெண்டு வருசமும் உடைவிளைக்குப் புழுதிதான்.

அம்புட்டுத்தான், மனுசனுக்குத் தூக்கம் போச்சாம். டிரம்மு அடிக்கவன் தும்முனா சந்தேகம். எக்காளம் ஊதுறவன் இருமுனா சந்தேகம். பேண்டுல அவரத் தவுத்து ஆறு பேரு. ஆறு பேரையும் மாறி மாறிப் பாத்தாராம். கடைசில கண்ணு இன்னாசி மேல போயி நின்னுச்சாம்.

இன்னாசி யாரு? அவரு தங்கச்சி ரோசம்மா புருசன். கிளாரினெட்டு வாசிப்பான். பொறந்தது கொம்புத்தேரி. போதாதா?

"ஏ மாப்ள, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்க போற?"

"எங்கம்மையப் பாக்க, மச்சான்."

"வரும்போது சிரிச்சுக்கிட்டே வாறியே, எதுக்கு?"

"அம்மையப் பாத்துட்டு அழுதுக்கிட்டா வருவாவ?"

"பாத்தியளா, பேச்ச மாத்துதான்! ஏல, கிளாரினெட்டக் கீழ வை!"

வச்சுட்டானாம். ஆனா ரோசம்மா உலைய எறக்கி வச்சுட்டு வந்தாளாம்.

"அண்ணே, எம்புருசன் கள்ளன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"எம்மண்டை சொல்லுச்சு."

"அந்த மண்டைக்கு ஒரு பந்தயம். நீ எப்படி வேணா சோதிச்சுப் பாரு. கள்ளன் அவருதான்னா, நான் புள்ளைகளக் கூட்டிட்டுக் கொம்புத்தேரிக்கே போயிருதேன். இந்த ஊரு வாசல மிதிக்க மாட்டேன். அவரு இல்லன்னா, சப்பரத்துக்கு முன்னால, ஊரு பாக்க, நீ ஒன் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும்!"

"சரி"ன்னுட்டாராம். சொன்ன பொறவுதான் ஒறைச்சுச்சாம்: இருக்குறது ஒரே தங்கச்சியில்லா?

வியாகப்பன் யோசிச்சாரு, யோசிச்சாரு, மூணு பனை ஏறி எறங்குற வரைக்கும் யோசிச்சாரு. பாட்டு முடியுற கடைசி அடிக்கு அவுக வச்ச பேரு வாலு, மிச்சப் பாட்டுக்கு உடம்பு. உடம்பு ஒண்ணு, வாலு ஆறு! ஆளுக்கு ஒரு வாலத் தனித்தனியாச் சொல்லிக் குடுத்தாராம். எந்த வாலு கொம்புத்தேரில ஆடுதோ, அந்த வாலுக்காரன் கள்ளன். இன்னாசி கையில கிளாரினெட்டத் திருப்பிக் குடுத்து, கேட்ட ஒடனே தெரியணும்னு, நொண்டி ஆடு படியில உருளுற மாதிரி ஒரு கோண வாலா மாட்டி விட்டாராம். நெச வாலு ஏழாவது. அத அவரு பொஞ்சாதிக்கிட்டகூடச் சொல்லல. கோயில் வாசல்ல வச்சுத்தான் எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தாராம்.

பத்தாந் திருநாளு வந்துச்சு. கொம்புத்தேரிக்காரன் ஊத ஆரம்பிச்சான். உடம்பு அதே உடம்பு! வியாகப்பன் இன்னாசி மொகத்தையே பாக்காரு. ரோசம்மா அண்ணன் மொகத்தையே பாக்கா. வாலு வந்துச்சு.

ஏழாவது வாலு!

"ஐயோ, இத நான் ஒருத்தருக்கும் சொல்லலியே!"ன்னு கத்துனாராம்.

கொம்புத்தேரி டிரம்முக்காரன் விழுந்து விழுந்து சிரிச்சானாம். "வேய் மாஸ்டரே, வெடியக்காலம் பனை உச்சியில பாள சீவிக்கிட்டே சீட்டியடிக்கது யாரு? அடுத்த பனையில எங்காளுல்லா இருக்கான்!"

அவரு சீட்டியடிக்கது அவருக்கே தெரியாதாம். ரெண்டு வருசமா ஊரயே மோந்து பாத்தாரு, சொந்த வாய மட்டும் விட்டுட்டாரு.

நேரா போயி சப்பரத்துக்கு முன்னால நின்னு, ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டாராம்.

மாஸ்டர் வாயப் பொத்திட்டாரு. இனி பேண்டு? இன்னாசி கண்ணக் காட்டுனானாம். மத்த அஞ்சு பேரும் உடம்ப ஊதி நிப்பாட்டுனாவ. அந்த நொண்டி ஆட்டு வால இன்னாசி ஒத்தையில வாசிச்சானாம். ஊரே வாயப் பொளந்துச்சாம்.

"இது என்னவே, எங்களுக்குத் தெரியாதே!"ன்னான் டிரம்முக்காரன், அவசரக்குடுக்கை.

ரோசம்மா லபக்குன்னு புடிச்சா. "தெரியாதுல்லா? அப்பம் புதுசு! தள்ளுங்கவே!"

உடைவிளை சப்பரத்துக்கு முன்னால போச்சு. "போதும் மச்சான், கைய எடும்"னு இன்னாசி சொன்னானாம். தெரு முடியுற வரைக்கும் அவரு எடுக்கலயாம். உள்ள அழுதாரா சிரிச்சாரா, யாரு கண்டா?

அதனாலதான் இன்னைக்கும் பத்தாந் திருநாள்ல உடைவிளை பேண்டு கடைசி அடிக்கு முன்னால நின்னுரும். இன்னாசி வம்சத்துக் கிளாரினெட்டு மட்டும் அந்தக் கோண வால வாசிக்கும். மாஸ்டரு எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும். கோயிலுக்கு மேக்க, அவரு சீட்டியடிச்ச பனைக்குப் பேரு சீட்டிப்பனை. திருநா மாசத்துல அதுல ஏறுறவன் வாயில ஒரு ஓலக்கீத்தக் கவ்விக்கிட்டுத்தான் ஏறணும்.

அம்புட்டுத்தான், கதைக்கும் வாயப் பொத்தியாச்சு.

ஏல, அது யாரு பின்னால சீட்டியடிக்கது?