பதிமூன்று வயதுக்குக் கீழே

'அம்மா' என்று கூப்பிடும்போது கடைசியில் இப்படி ஓர் இழுப்பு வந்தால், இவளுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டும். மற்ற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் திரையிடம்தான் பேசுவாள். என்னிடம் பேச இவளுக்கு வார்த்தையே கிடையாது...

– அம்மாஆ... கேக்கறயா, இல்லையா?

– கேட்டுண்டுதான் இருக்கேன். போன் லைனை இப்படி கம்ப்யூட்டருக்கே தாரை வார்த்துட்டா, உங்கப்பா ஆபீஸ்லேர்ந்து எப்படிடி பேசுவார்?

– பேச்சை மாத்தாதே. இதோ, 'சம்மதம்'னு ஒரு பட்டன் இருக்கு பார். அதை அழுத்து. அம்மா பேரு பத்மாசனின்னு நானே அடிச்சுட்டேன்.

– நீ விளையாடறதுக்கு நான் எதுக்கு சம்மதிக்கணும், மஹதி? இத்தனை நாள் என்னைக் கேட்டுண்டா விளையாடினே?

– அமெரிக்காவுல புதுச் சட்டம் வரப்போறதாம். பதிமூணு வயசுக்குக் கீழன்னா அம்மாவோ அப்பாவோ சரின்னு சொல்லணும். இந்த விளையாட்டுல இப்பவே கேக்கறா.

– அமெரிக்காக்காரன் சட்டம் போட்டா மயிலாப்பூர்ல உனக்கென்ன வந்தது?

– கம்பெனி அங்கதானேம்மா இருக்கு!

– அடுத்த மாசம் ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் நின்னு போயிடுமாம். அப்புறம் சட்டமாவது, விளையாட்டாவது.

– கிண்டல் பண்ணாதே. நீ அழுத்தினா எங்களுக்குத் தனி ரூம் குடுப்பா. நானும் மின்மினியும் பேசறதை வேற யாரும் பார்க்க முடியாது.

– மின்மினி யாரு?

– தெரியாத மாதிரி முகத்தைப் பாரேன்... சிங்கப்பூர்ல ஏழாங்கிளாஸ் படிக்கறாளாம்.

– எதுக்குச் சிரிக்கறே?

– ஒண்ணுமில்லை.

– தனி ரூம் அவதான் கேட்டாளா?

– ஆமா. 'அப்பா இல்லாத நேரமாப் பார்த்து அம்மாகிட்ட கேளு'ன்னா.

– வேற என்ன கேட்டா?

– இப்போல்லாம் நிறையக் கேக்கறா. சனிக்கிழமை பாட்டு கிளாஸ்லேர்ந்து தனியாத்தானே வரே, எந்தத் தெரு வழியா...

– சொன்னியா?

– சொன்னேனே. ஆத்துச் சாவியை எங்க வைப்பேள்னு கேட்டா. மீட்டர் பெட்டிக்குள்ளேன்னேன்.

– மஹதி! முன்னே பின்னே தெரியாதவாகிட்ட...

– ஐயோ, நடிச்சது போதும்மா!

– நானா? என்ன நடிச்சேன்?

– உலகத்துல எந்த ஏழாங்கிளாஸ் பொண்ணு 'தலைக்கு எண்ணெய் வெச்சிண்டியா, மோர் சாதம் சாப்பிட்டியா'ன்னு கேப்பா? உன் நந்தனம் ஆபீஸ்ல உக்காந்துண்டு நீதான் டைப் அடிக்கறேன்னு அப்பவே கண்டுபிடிச்சுட்டேன். கோபமெல்லாம் இல்லை. நேர்ல சொல்ல வராததெல்லாம் அதுல சொன்னேன். உங்கிட்டதான் சொல்றேன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்... அழுத்தும்மா. நம்ம ரெண்டு பேருக்குத்தானே அந்த ரூம்?

– இப்பவும் எண்ணெய் வெச்சிண்டியான்னு கேக்கறாளா?

– இல்லை... கொஞ்ச நாளாக் கேக்கறதில்லை. ஏன்?

– நான்தான்டி கண்ணா மின்மினி. நவராத்திரி வரைக்கும். அப்புறம் யாரோ பாஸ்வேர்டை மாத்திட்டா, என்னை உள்ளேயே விடலை. உங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுண்டு, போறதுன்னு விட்டுட்டேன்... மவுஸ்லேர்ந்து கையை எடு. நான் அழுத்தலை.