சிவப்புப் புள்ளி இல்லாத பெல்ட்

— டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு.

— இதுக்கு மேல கிட்ட காட்டினா உங்க மூக்குல இடிக்கும். கண்ணாடி வாங்கிக்குங்கன்னா கேக்குறீங்களா?

— மெக்கானிக் கண்ணாடி போட்டா எவன் நம்பி வண்டியை விடுவான்? பேசாம காட்டு. ம், பார்த்தியா? மாட்டி நாலு நாள் ஆகல, பெல்ட் ஓரமெல்லாம் நார்நாராக் கிழிஞ்சு தொங்குது.

— அதான் டீச்சர் சொன்னாங்களே, காலையில காரை ஸ்டார்ட் பண்ணதும் கீச்சுகீச்சுன்னு ஒரே கத்தல்னு. நடுவழியில அறுந்திருந்தா பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, தண்ணி பம்பு சுத்தாது, இன்ஜின் கொதிச்சே போயிருக்கும்.

— எனக்கே பாடமா?

— பதினெட்டு வருஷமா பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிறேன். இது கூடத் தெரியலன்னா எப்படி?

— பதினெட்டு வருஷம். அதைச் சொல்லு. இந்தக் கை மாட்டின பெல்ட் ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?

— வந்ததில்ல.

— இன்னிக்குத்தான் போர்டு எழுத பெயிண்டர் வர்றார். 'இந்தக் கை பட்ட வண்டி திரும்பி வராது'ன்னு ஆளுயரத்துக்கு எழுதச் சொல்லியிருக்கேன். இன்னிக்குப் பார்த்து இது வந்து நிக்குது. டீச்சர் வேற வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க, மானமே போகுது.

— அவங்க பாட்டுக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு இருக்காங்க. முதல்ல காரணத்தைப் பாருங்க.

— காரணம் என்ன, வேற எவனோ கை வச்சிருக்கான்.

— பெல்ட் முதுகுல உங்க மஞ்சக் கோடு அப்படியே இருக்கே. மாட்டி முடிச்சதும் நீங்க மார்க்கரால இழுக்கிற கோடுதானே இது?

— ஆமா, என் கோடுதான். அப்போ பெல்ட்டே டூப்ளிகேட். இரு இரு, பிடிச்சுட்டேன். சிவப்புப் புள்ளி எங்க?

— என்ன புள்ளி?

— ஒரிஜினல் பெல்ட்டுன்னா முதுகுல சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். போலி எதுன்னு தெரியறதுக்குக் கம்பெனிக்காரன் வைக்கிறது. அந்த ஆணியில தொங்குது பாரு, டாக்ஸிங்கள்ல கழட்டின பழசு எல்லாம். ஒவ்வொண்ணுலயும் இருக்கும். இதுல இல்ல.

— ஏங்க...

— போனை எடு. அந்த ஸ்பேர் கடைக்காரனை இன்னிக்கு விடப்போறதில்ல. எத்தனை வருஷப் பழக்கம், எனக்கே போலியைத் தள்ளிவிட்டிருக்கான். இனி அவன் கடை வாசலை மிதிக்க மாட்டேன்.

— போனைக் கீழ வைங்க.

— ஏன்?

— வைங்கன்னு சொல்றேன்ல. விரலை நீட்டுங்க. அடிப் புல்லிச் சக்கரத்துல, பெல்ட்டுக்கு இன்ஜின் பக்க ஓரமாத் தடவுங்க. கண்ணு வேணாம், விரல் போதும். என்ன தட்டுப்படுது?

— பள்ளம். ஒரு பள்ளம். காலியா இருக்கு.

— பெல்ட்டுல ஆறு வரி, புல்லியில ஆறு பள்ளம். ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்திருக்கு. ஆறாவது வரி வெளிய தொங்கித் தொங்கியே கிழிஞ்சிருக்கு. பெல்ட் நல்ல பெல்ட்தாங்க. பாவம், கடைக்காரர் என்ன பண்ணுவார்?

— நானா? நானா இப்படி மாட்டினேன்?

— நீங்கதான்.

— அப்போ அந்தப் புள்ளி?

— அது என் நகப்பாலிஷ்.

— என்னது?

— ஆறு வருஷமா வைக்கிறேன். நீங்க கோடு இழுத்துட்டுக் கை கழுவப் போவீங்கல்ல, அந்த அஞ்சு நிமிஷத்துல ஒவ்வொரு புல்லியா விரல் விட்டுப் பார்ப்பேன். தள்ளியிருந்தா பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைத் தளர்த்திச் சரியா உட்கார வைப்பேன். பார்த்தாச்சுங்கிறதுக்கு ஒரு புள்ளி. மாட்டுறதுக்கு முன்னாடி புதுப் பெல்ட்டுல புள்ளி இருக்கான்னு என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?

— டிராயர்ல இருக்கிற பாட்டிலா? வாங்கி வாங்கி வைக்கிறா, நகத்துல ஒரு நாளும் காணோமேன்னு நானும் நினைச்சிருக்கேன். அடிக்கடி தள்ளியிருந்துச்சா?

— அடிக்கடி இல்ல. அப்பப்போ.

— இதுல ஏன் வைக்கல?

— அன்னிக்கு என் தங்கச்சிக்கு வலி எடுத்துடுச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்ல.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொன்னா ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுட்டு மூலையில உட்கார்ந்துடுவீங்க. வண்டி தெருமுனையில திரும்பும்போதே சத்தத்தை வச்சு இன்ன கோளாறுன்னு சொல்ற ஆளு நீங்க. அந்தக் காது யாருக்கு இருக்கு? என் புருஷன்னு சொல்லிக்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கண்ணு கொஞ்சம் மங்கினதுக்காக அதை விட்டுக்குடுக்கச் சொல்றீங்களா? என்னங்க, கோவமா?

— புதுப் பெல்ட்டை எடு. நீ மாட்டு.

— டீச்சர் பார்ப்பாங்க.

— பார்க்கட்டும். டீச்சர், இப்படிக் கொஞ்சம் உள்ள வாங்க. தப்பு என்னுது. பெல்ட்டை ஒரு பள்ளம் தள்ளி மாட்டிட்டேன். இப்போ இவ மாட்டுறா, பக்கத்துல நின்னு பாருங்க. என் சம்சாரம்தான். இந்த ஒர்க்‌ஷாப்போட பேரைக் காப்பாத்தினதே இவதான், எனக்கே இப்பத்தான் தெரியும்.

— போதும் போதும், டென்ஷனரை அழுத்திப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். விடுங்க. அடிப் புல்லி சரி, பம்பு சரி, டைனமோவும் சரி. ஆறு வரியும் ஜம்முனு உட்கார்ந்திருக்கு. உங்க கோட்டைப் போடுங்க.

— முதல்ல நீ புள்ளி வை. அது காயட்டும். அப்புறம் நான் கோடு போடறேன்.

— ஏணி சத்தம் கேக்குது, பெயிண்டர் வந்துட்டார் போல. போர்டை என்ன பண்றது? வண்டிதான் திரும்பி வந்துடுச்சே.

— பெயிண்டரே, முன்னாடி சொன்னதை விட்டுடுங்க, இப்போ சொல்றதை எழுதுங்க. 'சிவப்புப் புள்ளி இல்லாம இங்கேருந்து எந்த வண்டியும் வெளிய போகாது.' எந்தச் சிவப்பா? அந்த மேஜை டிராயர்ல ஒரு பாட்டில் இருக்கும், அதைப் பார்த்துக் கலந்துக்குங்க.