நீலப்பூ ஜாடியில் இருந்தது

"அலோ... ஆமா, சந்தனமேரிதான். ஆரு பேசுறது?... கேக்கல, செத்த சத்தமாச் சொல்லுங்க. ஒரே பஸ்சு ஆரனா இருக்கு... ஆங், இப்பக் கேக்குது. ஸ்ரீவில்லிபுத்தூரா? சரி சரி, சொல்லுங்க."

சந்தனமேரியின் வலது கை மணிக்கட்டு வரை சாம்பலாக இருந்தது. இடது கையின் இரண்டு விரலால் போனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். ராஜபாளையத்தில் அவள் வீட்டின் பின்கட்டு அது. துவைகல்லுக்குப் பக்கத்தில் பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து விரித்திருந்தாள். அதன்மேல் பச்சைக் கண்ணாடிப் பன்னீர்ச் செம்பு ஒன்று உடம்பெல்லாம் சாம்பல் பூசிக் காய்ந்துகொண்டிருந்தது. இனித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வேலை முடிந்தது.

"ஆமா, இருளப்பசாமி அண்ணன் எனக்குத்தான் கொண்டாந்து குடுப்பாரு. பழைய பீங்கான் மங்கு, பழைய கண்ணாடி, எது கெடைச்சாலும் மொதல்ல இங்கதான் வருவாரு... ஆமா... ஆமா, ஜாடி. நீலப்பூப் போட்டது, மூடி ஓரத்துல ஒரு சில்லு பேந்தது. அது உங்க வீட்டுதா?... விஜயபாண்டி. சரிங்க அண்ணாச்சி. சொல்லுங்க, என்ன விசயம்?"

என்ன விசயம் என்று கேட்டாளே தவிர, அவளுக்குத் தெரியாமல் இல்லை. இப்படிப் போன் வருவது முதல் தடவையும் அல்ல. இருளப்பசாமி மொபெட்டில் குடமும் வாளியும் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், சேத்தூர், சோழபுரம் என்று தெருத்தெருவாகப் போவார். பழைய சாமானைப் போட்டால் புது பிளாஸ்டிக் கிடைக்கும். இடத்தை அடைக்கிறதே என்று தூக்கிக் கொடுப்பவர்கள், நாலு நாள் கழித்து யாராவது 'அது ரங்கூன் மங்காச்சே' என்று காதில் ஓதிவிட்டால் போதும், நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசுவார்கள். போன மாதம் சேத்தூரிலிருந்து ஒரு வீட்டம்மா போனிலேயே அழுது பார்த்தாள். சந்தனமேரி கொடுக்கவில்லை. நைட்டி தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் பன்னிரண்டு வருசமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தது. கேட்டவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தால் அலமாரியில் என்ன மிஞ்சும்?

"என்னது?... ஆஸ்தியா? இதென்ன அண்ணாச்சி, ஒரு மங்கு ஜாடிக்குப் போய் ஆஸ்தி அது இதுங்கீக... இல்ல, பொறுங்க, நான் சொல்லி முடிச்சுக்கிடுதேன். ஆஸ்தின்னா பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கணும். மாட்டுத் தொழுவத்துலயா கட்டித் தொங்க விடுவாக?... நீங்களே குடுத்ததுதான? இருளப்பசாமி அண்ணன் ஒண்ணும் களவாண்டு கொண்டாரல... கேக்குதேன், கேக்குதேன். அந்த ஜாடி இப்ப எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. மதுரையில இருந்து ஒருத்தரு வந்தாரு. புடிச்சிருக்குன்னாரு. எடுத்துட்டுப் போய்ட்டாரு... நேத்துத்தான்... அவரு நம்பரு எங்கிட்ட இல்லியே."

அவள் நின்ற இடத்திலிருந்தே ஜாடி தெரிந்தது. பின்வாசல் வழியாகப் பார்த்தால் நேரே கண்ணாடி அலமாரி. அதில் இரண்டாம் தட்டில், நடுவில், நீலப்பூ ஜாடி. திங்கட்கிழமை இருளப்பசாமி அதைச் சாக்கிலிருந்து எடுத்தபோதே அவளுக்குக் கை பரபரத்தது. நகத்தால் சுண்டிப் பார்த்தாள். விரிசல் விட்ட ஜாடி தொப்பென்று சத்தம் போடும். இது கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. ஒவ்வொரு சாமானுக்கும் எந்த ஊர், எந்த வீடு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி அடியில் ஒட்டுவது அவள் வழக்கம். இதற்கு வீடு தெரியவில்லை. இருளப்பசாமி எடுத்த இடத்தைச் சொன்னார். 'ஸ்ரீவில்லிபுத்தூர், தொழுவம்' என்று எழுதினாள். எழுதியபோது கிறிஸ்துமஸ் குடில் ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டதும் உண்டு. அவள் வீட்டுக்காரர் சூசை, "நீ இதுக்கு டிக்கெட்டுப் போட்டு உக்காரு, நான் மில்லு வேலைய விட்டுருதேன்" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

"உள்ள இருந்ததா?"

அவள் குரல் சட்டென்று இளகியது. ஜாடியை விட்டுவிட்டு உள்ளே இருந்ததைக் கேட்கிறார். நகை நட்டு ஏதும் ஒளித்து வைத்திருந்தார்கள் போல. அப்படியென்றால் பாவம், பயப்படத்தான் செய்வார்.

"உள்ள நகை கிகை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. மாதா மேல சத்தியம். வெறும் சாம்பல்தான் இருந்துச்சு... ஆமா, வெள்ளைத் துணி போட்டு வாயைக் கட்டி. நான்தான் அவுத்தேன்... நல்ல சாம்பல் அண்ணாச்சி. இப்ப எந்த வீட்ல சாம்பல் கெடைக்குது, எல்லாம் கேஸ்சு அடுப்பு. சோப்புத்தூள் போட்டா மங்குல இருக்க தங்கக் கோடு உரிஞ்சு போகும். இதைத் துணியில சலிச்சு, பெருவெரல்ல தொட்டுத் தடவுனா அப்படிப் பளிச்சுன்னு வருது. பதினோரு சாமான் வெளக்கி முடிச்சிட்டேன். இன்னும் சாம்பல் இருந்தா அந்த வீட்ல கேட்டு வாங்கிட்டு வாங்கன்னு இருளப்பசாமி அண்ணங்கிட்டக்கூடச் சொல்லிவிட்டேனே... ஓ, காலையில வந்து கேட்டாரா? ஆமா, நாந்தான் கேக்கச் சொன்னது... எந்த வெறகு எரிச்சீக அண்ணாச்சி? புளிய வெறகா? இம்புட்டு வெள்ளையா நான் பாத்ததே... அலோ?... அலோ, இருக்கீகளா?"

ஆரன் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் தூரமாகிவிட்டது. அவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒதுங்கி எங்கேயோ சுவரோரமாகப் போய்விட்டார் போலிருந்தது. மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது.

"அண்ணாச்சி... அழுதீகளா? நான் எதும் தப்பாப் பேசிட்டேனா?... என்னது?... திரும்பச் சொல்லுங்க."

இந்தத் தடவை அவள் குறுக்கே பேசவில்லை.

"அஸ்தி... ஆஸ்தி இல்ல. அஸ்தி."

சந்தனமேரி தன் வலது கையைப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக இருந்தது. பெருவிரல் ரேகையில் படிந்து ரேகை ரேகையாகத் தெரிந்தது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சேலையில் துடைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். உடம்பைத் தொடாமல் கையைத் தள்ளிப் பிடித்தபடியே நின்றாள்.

"ஆரோடது?... உங்க வீட்டம்மாவோடதா... ஆமா... பேரு?... பொன்மணி... ஆமா... ஒண்ணரை வருசம் ஆச்சா... மகன் கப்பல்லயா? கடல் நடுவுல இருந்தா எப்படி வர முடியும்... ஆமா... அவன் வந்து கரைக்கணும்னு கொஞ்சம் எடுத்து வச்சீக... வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு தொழுவத்துல... ஆமா, ஆமா, சொல்லுங்க... அவுகளே ஊறுகா போட்டு வச்ச ஜாடியா... எப்ப வாரான்?... நாளைக்கேவா?... பொறவு ராமேஸ்வரத்துக்கா."

அவள் துவைகல்லில் உட்கார்ந்தாள்.

"சரி, அதை எப்படி இருளப்பசாமி அண்ணன்... நீங்களா?... நீங்களேவா எல்லாத்தையும் அள்ளிக்கோன்னு சொன்னீக?... மகன் வாரான்னு சுத்தம் பண்ணப் போய்... நெனப்பு இல்லியா. மறந்தே போச்சா அண்ணாச்சி?... இல்ல, இல்ல. நான் குத்திக் காட்டல. நான் ஆரு குத்திக் காட்ட... இன்னைக்குச் சாம்பல் இருக்கான்னு அவரு கேட்ட பொறவுதான் பகீர்னுச்சா... ஆமா... மகனுக்குத் தெரியாதுல்ல?... சரி."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் மனைவியை மறந்ததைச் சொல்லிவிட்டார். அதைவிடவா தன் பொய்யைச் சொல்வது கஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி, நானும் ஒண்ணு சொல்லணும். ஜாடி இங்கதான் இருக்கு. மதுரைக்காரரு ஆரும் வரல... ஆமா, பொய்தான் சொன்னேன். நீங்க ஜாடியக் கேக்கீகன்னு நெனச்சு... ஏசுங்க. நல்லா ஏசுங்க. நான் கேட்டுக்கிடுதேன்... எங்க வேதத்துல எல்லாருக்கும் குழிதான அண்ணாச்சி. சாம்பல்னா வருசத்துல ஒரு நாள், சாம்பல் புதனன்னைக்கு, நெத்தியில வைப்பாக. மத்த நாளு பாத்திரம் வெளக்கத்தான். துணி கட்டியிருந்தப்பகூட எறும்பு ஏறாம இருக்கக் கட்டியிருக்காகன்னு நெனச்சேன். சத்தியமா எனக்கு வேற ஒண்ணும் தோணல... ஏசக்கூட மாட்டேங்கீகளே."

அவர் ஏசினால் தாங்கியிருப்பாள். அவர் கேட்டதோ வேறு.

"மிச்சமா?... பொடி ஒரு கரண்டி இருக்கும். கொட்டாங்கச்சியில வச்சிருக்கேன். பொறவு... சலிக்கும்போது துணி மேல நின்னுச்சு அண்ணாச்சி, சின்னச் சின்ன வெள்ளைத் துண்டு. எங்கக்காவ ஆலங்குளத்துல கட்டிக் குடுத்திருக்கு. அங்க ரோட்டோரமெல்லாம் சுண்ணாம்புக்கல்லு இப்படித்தான் கெடக்கும். அதுன்னு நெனச்சேன்... இல்ல, குப்பையில போடல. குப்பையில போடல அண்ணாச்சி. செம்பருத்தித் தொட்டியில போட்டேன், செடிக்கு ஆகும்னு... இருக்கும், இருக்கும். மேலதான் போட்டேன். வச்சுராதீக. இருங்க, எடுக்கேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். உள்ளே ஓடி, இடது கையால் நீலப்பூ ஜாடியை எடுத்துவந்தாள். அடியில் இருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டினாள். முழுதும் வரவில்லை, 'தொழுவம்' மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. மண்டியிட்டு, மண்ணை மெதுவாகக் கிளறி, வெள்ளையாகக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜாடிக்குள் போட்டாள். விழும்போது டிங் என்று கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொரு டிங்குக்கும் அந்தப் பக்கம் மூச்சு நின்று நின்று வந்தது.

"கெடைக்குது அண்ணாச்சி... நாலு... அஞ்சு. பெருசா ஒண்ணு, நகக்கண்ணு அளவு... எம்புட்டு இருந்துச்சுன்னு நெனப்பு இருக்கா?... சரி, ஆருதான் எண்ணி வைப்பாக... ஒம்பது. இந்தா, இது கல்லு. இது இல்ல... பத்து. அம்புட்டுத்தான் தெரியுது. மண்ணோட நாலு பிடி சேத்துப் போடட்டுமா?... போடுதேன். பொடியும் போட்டுட்டேன். சுத்தமான வெள்ளைத் துணி இருக்கு, கட்டி வைக்கேன்... நான் தொடலாமா அண்ணாச்சி?... சரி. சரி."

தொடலாமா என்று இப்போது கேட்கிறோமே என்று அவளுக்கே இருந்தது. எழுந்திருக்கப் போனாள். அப்போதுதான் அவர் கேட்டார்.

"கழுவுன தண்ணியா?"

துவைகல்லின் அடியிலிருந்து ஒரு சிமெண்டு வாய்க்கால் சுவரோரமாகப் போய்த் தெருச் சாக்கடையான வாறுகாலில் விழும். அரிசி களைந்த தண்ணீர், துணி துவைத்த நுரை எல்லாம் அதில்தான் போகும். பதினோரு சாமான் கழுவிய தண்ணீரும் இரண்டு நாளாக அதில்தான் போயிற்று. வாறுகாலில் இப்போதும் கறுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெரு தாண்டி எந்த ஓடையில் சேருமோ, அவளுக்குத் தெரியாது.

"கேக்குது அண்ணாச்சி. இருங்க. ஒரு நிமிசம்."

பன்னீர்ச் செம்பு அப்படியே இருந்தது. கழுவாதது அது ஒன்றுதான். அதை எடுத்துத் தொட்டிக்கு நேரே பிடித்தாள். வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு அதன்மேல் மெல்லச் சாய்த்தாள். சாம்பல் கரைந்து வெள்ளையாக வழிந்து மண்ணில் இறங்கியது. கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையானது. பிறகு தன் வலது கையையும் அதே தண்ணீரில் நீட்டினாள். முன்னே கழுவியதையும் செடிக்கே ஊத்துனேன் என்று பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"செடிக்குத்தான் அண்ணாச்சி ஊத்துதேன்... ஆமா. தண்ணிச் சத்தம் கேக்குதா?... செடிக்குத்தான்... ஐயோ, எனக்கு எதுக்குக் கையெடுத்துக் கும்பிடுதீக, வேண்டாம். அப்படிச் சொல்லாதீக... நாளைக்கு எத்தன மணிக்கு?... வாங்க. மகனையும் கூட்டிட்டு வாங்க. என்னத்தச் சொல்லணுமோ நீங்களே சொல்லிக்கோங்க, நான் வாயைத் தொறக்க மாட்டேன்... தொட்டியா? தாராளமா. செடியோட எடுத்துட்டுப் போங்க. நட்டு வச்சுக்கோங்க. செவப்புச் செம்பருத்தி, நல்லாப் பூக்கும்..."

தொட்டியின் அடியில் வடிகால் ஓட்டை ஒன்று உண்டு. அதிலிருந்து பால் மாதிரி ஒரு சின்னக் கோடு வெளியே வந்து, சிமெண்டுத் தரையின் வாட்டத்தில் வாறுகாலைப் பார்த்து மெதுவாக நகர்ந்தது. சந்தனமேரி பன்னீர்ச் செம்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குப்புற விழுந்து, ஓட்டையை உள்ளங்கையால் அடைத்தாள். தப்பி ஓடியதன் குறுக்கே சேலைத் தலைப்பைத் திணித்தாள். கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கை தவறிருச்சு... ஒண்ணுமில்ல. ஜாடி பத்திரமா இருக்கு... ஆமா... ஆமா. நீங்க வைங்க. நாளைக்கு வாங்க... வைங்க அண்ணாச்சி."

அவர் வைக்கவில்லை. இன்னும் ஒரு தடவை நன்றி சொல்லத் தொடங்கினார். அவளுக்குப் போனை எடுத்து அணைக்கக் கை இல்லை. ஒரு கை ஓட்டையில் இருந்தது, ஒரு கை தலைப்பில். அவர் பேசி முடித்து, தானாக லைன் கட்டாகும் வரை அப்படியே தரையோடு தரையாகக் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.